காதுக்கு எட்டாத சப்தம்

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவது எங்கள் கடற்கரையிலிருந்தே தெரிகிறது. அதன் சப்தமும் இங்கே வருமா?
– ஒரு வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: வரக்கூடும், ஆனால் வெளிச்சத்தோடு வராது. ஏறக்குறைய 85 கிலோமீட்டரைக் கடக்கச் சப்தத்துக்கு நான்கு நிமிஷங்களுக்கு மேல் பிடிக்குமாதலால், ராக்கெட் கண்ணுக்கு மறைந்த பிறகும் தாங்கள் மணலில் காத்திருக்க வேண்டும். கீச்சென்ற அதிர்வுகளையெல்லாம் வழியிலேயே காற்று விழுங்கிவிட, மந்தமான உறுமலும், வினாடிக்கு 20 அதிர்வுகளுக்கும் குறைந்து செவிக்குப் புலனாகாமல் ஜன்னல் கதவை மட்டும் நடுங்கச் செய்யக்கூடிய அலைகளுமே எஞ்சுகின்றன.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பகலில் மேலே போகப் போகக் காற்று குளிர்வதால், சப்த அலைகள் ஆகாயத்தை நோக்கி வளைந்து, தரையில் ஒரு நிசப்தப் பிரதேசத்தை விட்டுச் செல்கின்றன. அவையே சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில், ஓசோன் வாயு சூரியனின் புற ஊதாக் கிரணங்களை உட்கொள்வதால் உஷ்ணம் மிகுந்திருக்கும் அடுக்கை எட்டியதும், அங்கே வீசும் காற்றும் அனுகூலமாயிருந்தால், கீழ்நோக்கி வளைந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் பூமியைத் தொடுகின்றன. கொட்டிவாக்கம் அந்த நிசப்தப் பிரதேசத்தில் அகப்பட்டுக்கொண்டது! ஆகையால், தரையோரக் காற்று குளிர்ந்து, வடகாற்றும் வீசும் இரவுகளே தங்களுக்கு உகந்தவை.

சப்தம் இதைவிட வெகுதூரம் சென்றதும் உண்டு: 1883 ஆகஸ்ட் 27-ஆம் தேதி கிரகடோவா எரிமலை வெடித்த ஓசை, 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இலங்கையில் பீரங்கி முழக்கம்போல் கேட்டது. 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவையும் நான்கு மணி நேரத்தில் எட்டியது. காதுக்கு எட்டாத அழுத்த அலையோ, பூமியை மும்முறை சுற்றிவந்து, தேசந்தோறும் பாரமானிகளில் பதிவாயிற்று.