பிள்ளையாருக்கும் ஞாயிறுதான் லீவு

(எது, எப்படி, எங்கிருந்து? – கேள்வி பதில்)

பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் தேர் விநாயகர் சதுர்த்தி அன்றுதானே ஓட வேண்டும்? சில வருடம் முன்னுக்கே ஓடி முடிந்துவிடுகிறது. ஊரிலிருந்து அக்கா குடும்பம் பார்க்க வரப்போகிறது. எந்த நாளை நம்பி டிக்கெட் எடுப்பது?
– வாசகி, லா கூர்நெவ்

பஞ்சாங்கத்தை மடித்து வைத்துவிட்டு ஆலயத்தின் நோட்டீசைப் பாருங்கள். ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கும் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். பாரிஸ் தேர் அப்படி அலைவதில்லை. ஆகஸ்ட் கடைசி, மிஞ்சினால் செப்டம்பர் தொடக்கம். கிழமை மட்டும் மாறாது, ஞாயிறு.

காரணம் ஆகமத்தில் இல்லை. தெருவில் தேர் ஓட வேண்டுமானால் பொலிஸ் தலைமையகம் தெருவைத் தர வேண்டும். வடம் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு உணவகச் சமையலறையிலிருந்து முதலாளி லீவு தர வேண்டும். ஓகஸ்டில் பாதிப் பாரிஸ் கடற்கரைக்குப் போய்விடும், வாகனம் குறைவு. சந்திரனைவிட இந்தச் சங்கதிகள்தான் பலமான கிரகங்கள்.

ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. முன்பு ரு பிலிப் து ஜிரார் தெருவில் இருந்தது, இப்போது ரு பஜோலில் இருக்கிறது. தேர் வெளியே வரத் தொடங்கியது 1996இல். ஆகவே, பாரிஸ் பிள்ளையார் ‘தொன்றுதொட்டு’ ஞாயிற்றுக்கிழமை உலா வருகிறார் என்று யாராவது சொன்னால், அந்தத் தொன்மைக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை என்று சொல்லுங்கள்.

ஊரில் மட்டும் எல்லாம் வானத்தைப் பார்த்து நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2023இல் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 17 என்று சதுர்த்தி விடுமுறையை முதலில் அறிவித்துவிட்டு, பிறகு 18க்கு மாற்றியது. பிள்ளையார் கொழுக்கட்டையோடு காத்திருந்து அரசாணையைப் படித்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பார். இங்கே பாரிஸில் அதற்கு முன்பே, ஓகஸ்ட் இறுதியிலேயே, தேர் ஓடி முடிந்து வடத்தைச் சுருட்டி வைத்தாயிற்று.

தேர் எந்தத் தெருக்கள் வழியாகப் போகும்? சிறு பிள்ளைகளோடு எங்கே நின்றால் வசதி?
– வாசகர், சார்செல்

போகிற தெருக்களில் ஒன்றுதான் எனக்கு முக்கியம்: ரு து ஃபோபூர் சன் தெனி. இந்தப் பெயருக்குரியவர் பாரிஸின் முதல் பிஷப். மூன்றாம் நூற்றாண்டில் மொன்மார்த்ரில் அவர் தலையை வெட்டினார்கள். அவர் குனிந்து தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் பிரசங்கம் செய்தபடி வடக்கே நடந்தாராம். விழுந்த இடத்தில்தான் இன்றைய சன் தெனி பேராலயம். அவ்வளவு தூரமா என்று வியந்தவர்களிடம், தூரம் ஒரு பொருட்டல்ல, முதல் அடி வைப்பதுதான் கஷ்டம் என்று 18ஆம் நூற்றாண்டில் மதாம் து தெஃபான் என்ற சீமாட்டி பதில் சொன்னதாகக் கதை. நோத்ர் தாம் முகப்பின் இடப்பக்க வாசலில் தலையைக் கையில் ஏந்திய சிலை இன்றும் நிற்கிறது. லா கூர்நெவ் வாசகி அக்கா குடும்பத்துக்குக் காட்டட்டும்.

இப்போது யோசியுங்கள். தலை வெட்டப்பட்டு வேறு தலை பொருத்திக்கொண்டவர், தலை வெட்டப்பட்டு அதே தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தவரின் பெயருள்ள தெருவில் தேரேறி வருகிறார். உலகத்தில் வேறெந்த ஊரில் இந்தப் பொருத்தம் கிடைக்கும்? சாத்திரி பத்தில் பத்துப் பொருத்தமும் போடுவார்.

தலை என்றதும் தேங்காய் வந்துவிட்டது. இந்தப் பகுதியை வழக்கமாகப் படிப்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. தேர் நாளில் கடை வாசல் தோறும் மஞ்சள் பூசிய தேங்காய்களைக் குவித்து, மேலே கற்பூரம் ஏற்றி வைப்பார்கள். தேர் நெருங்கியதும் வெறும் மேலோடு நிற்கும் பெடியன்கள் இரண்டு கையாலும் எடுத்து எடுத்துத் தார் ரோட்டில் அடிப்பார்கள். சில்லுப் பறக்கும், பக்கத்தில் கமெராவோடு நிற்கும் வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொள்வார், தேங்காய்த் தண்ணீர் ஓடி நடைபாதை ஓரத்துக் கானில் இறங்கும். உடனே ஒருவர் அந்த வெள்ளைக்காரருக்கு, ஆதியில் நரபலி கொடுத்தோம், பிறகு தலைக்குப் பதிலாகத் தேங்காய் வந்தது என்று விளக்கம் சொல்லத் தொடங்குவார். தயவுசெய்து சொல்லாதீர்கள். மூன்று கண்ணும் குடுமியும் இருப்பதெல்லாம் தலையென்றால் கடைக்காரர் தராசில் வைத்து விற்பது எதை? விக்கினத்தை உடைக்கிறோம், அது போதும். கேட்டவரும் நிம்மதியாக ஊருக்குப் போவார்.

ஆமாம், பிள்ளைகள். தேங்காய்க் குவியலுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். பாதம் மூடிய சப்பாத்து போடுங்கள், ஓடு கிழிக்கும். ரெண்டாம் இலக்க மெத்ரோவில் லா ஷப்பல், பன்னிரண்டாம் இலக்கத்தில் மார்க்ஸ் தோர்முவா. கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்தும் வரலாம். காவடி, கற்பூரச்சட்டி, நாதஸ்வரம் எல்லாம் பகலோடு முடிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாக வருகிறோம் என்று சொல்பவர்கள் பச்சைச் சட்டை போட்ட நகரத் துப்புரவுத் தொழிலாளர்களைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு மோர் கொடுங்கள்.

பிரான்சில் மொத்தம் எத்தனை அரசு விடுமுறை? அன்று லாச்சப்பல் கடைகள் திறந்திருக்குமா?
– வாசகர், துலூஸ்

பதினொன்று. பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும். மே 1 மட்டும் எச்சரிக்கை, சம்பளத்தோடு பொதுவாக எல்லாருக்கும் ஓய்வு கட்டாயம் என்று சட்டம் சொல்லும் ஒரே நாள் அதுதான்.

கேள்வி முடிந்தது. நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். ஜூலை 14 எதற்கு? பஸ்திய் சிறையை உடைத்த நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். 1789இல் உடைத்தது உண்மை, உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர் என்பதும் உண்மை. ஆனால் அந்த நாளைத் தேசிய விழாவாக்கிய 1880 ஜூலை 6ஆம் தேதிச் சட்டத்தில் ஆண்டே இல்லை. இரத்தம் சிந்திய நாளுக்கு விழாவா என்று சில செனட்டர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு 1790 ஜூலை 14 கைகொடுத்தது. அன்று சாம் து மார்ஸ் மைதானத்தில் ராஜாவும் மக்களும் ஒன்றுகூடி ஒற்றுமை விழா எடுத்திருந்தார்கள். சிறை உடைப்பை விரும்புகிறவர் 1789ஐ நினைக்கலாம், சமாதானம் விரும்புகிறவர் 1790ஐ நினைக்கலாம். வாணவேடிக்கை பொது. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு ஒரே வருடப்பிறப்பை இரண்டு நேரத்தில் கொண்டாடும் எங்களுக்கு இது புரியாதா என்ன?

ஈஸ்டர் திங்களும் பெந்தெகொஸ்து திங்களும் வேதத்தில் வந்த விடுமுறை என்று நினைத்தால் அதுவும் தவறு. 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை. பெந்தெகொஸ்து திங்கள் மேலும் வேடிக்கை: 2003 கோடை வெப்பத்தில் ஏறக்குறைய 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், இறந்தார்கள். அடுத்த ஆண்டு, முதியோர் பராமரிப்புக்குப் பணம் சேர்க்க, கூடுதல் சம்பளமில்லாமல் ஒரு நாள் வேலை என்று சட்டம் வந்தது. பல இடங்களில் அதற்கு இந்தத் திங்களைப் பிடித்துக்கொண்டார்கள். விடுமுறை என்ற பெயரும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. 2025 ஜூலையில் பிரதமர் பய்ரூ ஈஸ்டர் திங்களையும் மே 8ஐயும் வெட்டப் பார்த்தார். செப்டம்பரில் அவர் அரசே கவிழ்ந்தது. இரண்டு நாளும் பத்திரமாக இருக்கின்றன.

எங்களுக்கு என்ன விசேஷம்?
– வாசகர், ஸ்த்ராஸ்பூர்

உங்களுக்கு இரண்டு நாள் கூட: பெரிய வெள்ளி, டிசம்பர் 26. 1871 முதல் 1918 வரை ஜெர்மனி உங்கள் மாகாணத்தை வைத்திருந்து, போகும்போது விட்டுச் சென்றது. போர்களில் கிடைத்த ஒரே லாபம், அனுபவியுங்கள்.

ஏப்ரலில் பாங்கொக் போகிறோம். அங்கே புத்தாண்டாம், எல்லாம் பூட்டியிருக்குமாம். போகலாமா? ஏதாவது தமிழ்த் தொடர்பு உண்டா?
– வாசகி, போபிஞி

தாராளமாகப் போங்கள். ஏப்ரல் 13, 14, 15 சொங்க்ரான். வங்கி, அலுவலகம் பூட்டு. பாங்கொக் வாசிகள் ஊருக்குப் போவதால் பஸ், ரயில் நிரம்பி வழியும். வெளியூர்ப் பயணத்தை அந்த நாட்களில் வைக்காதீர்கள், வீதி விபத்துகளும் அப்போதுதான் கூடும். கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். தெருவில் நிற்கிற எவரும் உங்கள் மேல் தண்ணீர் ஊற்றுவார், முறைக்கக் கூடாது.

வீட்டுக்குள் அது வேறு விழா. புத்தர் சிலைக்கு நீராட்டி, பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். சித்திரை முதல் நாளில் அம்மம்மா தலையில் மருத்துநீர் வைத்துவிட்டது நினைவு வருகிறதா? சூரியன் மேட ராசியில் நுழைவதுதான் இருவருக்கும் கணக்கு. இரண்டு தண்ணீரும் சொந்தக்காரர்கள் என்பது என் கட்சி, மாற்றிக்கொள்வதாக இல்லை. நாங்கள் 14, அவர்கள் 13 என்பதற்குக் காரணம் எளிது: சங்கராந்தி அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் பின்னுக்கு நகர்கிறது. நாங்கள் கூடவே நகர்கிறோம். அவர்கள் தேதியை ஆணியடித்து வைத்துவிட்டார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கைத் தொடங்குவதோ சொங்க்ரானிலும் இல்லை. முதலில் ஏப்ரல் 1க்கு மாற்றி, பிறகு 1941இலிருந்து ஜனவரி 1 என்றார்கள். அதனால் தாய்லாந்தில் 1940ஆம் ஆண்டுக்கு ஒன்பதே மாதம். அந்த வருடம் வீட்டு வாடகை கொடுத்தவர்கள் புண்ணியவான்கள்.

தமிழ்த் தொடர்புக்கு வாட் சுத்தாட் விகாரைக்கு முன்னால் போய் அண்ணாந்து பாருங்கள். செங்கல் நிறத்தில் இரண்டு பெரிய தேக்குத் தூண்கள், மேலே குறுக்குச் சட்டம். முதலாம் ராமா மன்னர் 1784இல் நிறுத்திய ஊஞ்சல் இது. இப்போது நிற்பது 2007இல் புதுப்பித்த மரம். அரண்மனைப் பிராமணர்களின் மார்கழி விழாவில் ஆட்கள் இதில் ஏறி உந்தி உந்தி ஆடி, மூங்கில் நுனியில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டியிருந்தது. அந்த ஆட்டம் 1930களில் நின்றுவிட்டது. விழா நிற்கவில்லை. பக்கத்துப் பிராமணர் கோயிலுக்குள் இன்றும் நடக்கிறது, அதன் பெயர் ‘த்ரியம்பவாய் த்ரிபவாய்’. உரக்கச் சொல்லிப் பாருங்கள், திருவெம்பாவையும் திருப்பாவையும் கேட்கும். பொரி, கரும்பு, வாழைப்பழம் படைக்கிறார்கள். தேங்காயும் உண்டு. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

சீலொம் தெருவில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரி முடிவில் அந்தத் தெருவை அடைத்து அம்மன் ஊர்வலம் வரும். தாய்க்காரர்கள்தான் கூட்டத்தில் அதிகம். சொங்க்ரானில் நகரத்தின் பெரிய தண்ணீர்ச் சண்டைகளில் ஒன்று நடப்பதும் அதே தெருவில். அன்று அர்ச்சனைக்குப் போகிறவர்கள் ஈரத்துணியோடு கும்பிட்ட பலனை இலவசமாகப் பெறுவார்கள்.

அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு லீவு கேட்டால் பட்டியலில் இல்லை என்கிறார்கள். என்ன பட்டியல் அது?
– வாசகி, வில்நெவ் சன் ஜோர்ஜ்

அரசு ஊழியர்களுக்கு, வேலை பாதிக்காவிட்டால், மதப் பண்டிகைகளுக்கு லீவு தரலாம் என்று 1967இலிருந்து ஒரு சுற்றறிக்கை மரபு உண்டு. பட்டியலில் கிழக்கத்தியக் கிறித்தவர்கள், ஆர்மேனியர்கள், முஸ்லிம்கள், யூதர்கள், பௌத்தர்கள் இருக்கிறார்கள். ஆம், வெசாக் இருக்கிறது. பிள்ளையார் இல்லை, தீபாவளி இல்லை, சித்திரை இல்லை. இலங்கையிலிருந்து விமானம் ஏறி வந்து, பாரிஸில் வெசாக்குக்கு லீவு உண்டு என்று கேள்விப்படும் தமிழரின் முகத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் கேட்கவே கூடாது என்பதில்லை. சாதாரண லீவாக எழுதிக் கொடுங்கள், முன்கூட்டியே.

லீவை வைத்து விளையாடுவதில் இலங்கையை மிஞ்ச ஆளில்லை. 1966 முதல் 1971 வரை அங்கே வார விடுமுறையாக ஞாயிறு இருக்கவில்லை. சந்திரனின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் போயா என்ற ஒரு பௌத்தப் புனித நாள், அதுவே ஓய்வு நாள். சந்திரன் ஏழு நாளுக்குள் அடங்காது. சில வாரங்களுக்கு எட்டு நாள் வந்தது. வெளிநாட்டு வங்கியோடும் கப்பலோடும் கணக்கு ஒத்துவராமல் கடைசியில் ஞாயிற்றையே திரும்பக் கூப்பிட்டார்கள். வானத்தைப் பார்த்து வார லீவு குறித்தார்கள், ஐந்தாறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

தேங்காயை விட்டு வேறு விஷயம் எழுத மாட்டீர்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாரிஸ் 18

எழுதுகிறேன். தேர் பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லிவிட்டு வாருங்கள், வடம் பிடித்த தோள் அடுத்த நாள்தான் வலிக்கும்.