தலைக்கவசம் வாங்கும் வணிகர் கவனத்திற்கு



துவரம் பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தால் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று நாம் சொல்லிவிடுவோம். எண்ணெய் டின்னின் மூடியைப் பார்த்தே சீல் பிரித்ததா, பிரிக்காததா என்று கண்டுபிடிப்போம். தராசில் முத்திரை இல்லாவிட்டால் தொடக்கூட மாட்டோம். ஆனால் தலையில் போடும் கவசத்தை வாங்கும்போது மட்டும் 'எது மலிவு' என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். நாமும் அப்படித்தான் நின்றோம். அதற்கான விலையை வேறு ஒருவர் கொடுத்தார். அதைச் சொன்னால் பத்துப் பேருக்காவது பயன்படும் என்றே இதை எழுதுகிறோம்.

2019 பிப்ரவரியில் நம் புதுச்சேரியில் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவித்தபோது எழுந்த சர்ச்சை எல்லோருக்கும் நினைவிருக்கும். சட்டசபை வாசலிலேயே தலைக்கவசத்தைப் போட்டு உடைத்தார்கள். அந்தப் பரபரப்பில் நாம், சாலையோரத்தில் குவித்து விற்ற ஒருவரிடம் பேரம் பேசி, 500 ரூபாய்க்கு மூன்று வாங்கினோம். மூன்றையும் சரக்கு கொண்டு போகும் பையன்களிடம் கொடுத்து, 'போலீசுக்குக் காட்ட இது போதும்' என்றோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆண்டு செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு முந்தின வாரம். வீராம்பட்டினத்துக் கடைகளுக்கு வெல்லமும் மளிகையும் ஏற்றிக்கொண்டு நம் கடைப் பையன் மொபெட்டில் கிளம்பினார். மழை பெய்து சாலை வழுக்கலாக இருந்தது. நாய் குறுக்கே வந்தது, வண்டி சாய்ந்தது. வேகம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் தாடைப் பட்டியின் கொக்கி கழன்று, தலை தரையில் மோதும் முன்பே கவசம் தனியாக உருண்டு போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துப் பிழைத்து வந்தார். கடைக்கு வந்த முதல் நாள் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். "மொதலாளி, எனக்கு வாசனையே தெரியலை" என்றார். தலை பலமாக அதிரும்போது மூக்குக்கு மேலே உள்ள மெல்லிய வாசனை நரம்புகள் அறுந்துவிடுவது உண்டு என்று மருத்துவர் விளக்கினார். இன்றுவரை வாசனை திரும்பவில்லை. தனியா, சீரகம் பழசா புதுசா என்று மூட்டையை முகர்ந்தே சொல்லக்கூடியவர் இப்போது கணக்கு எழுதுகிறார். அவர் எதிரில் மசாலா மூட்டை பிரிக்க நமக்கு மனம் வருவதில்லை.

கவசம் எப்படிக் காக்கிறது?

மீன் பெட்டி செய்யும் தெர்மோகோல் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே இனம், ஆனால் இன்னும் இறுக்கமான தெர்மோகோல்தான் தலைக்கவசத்துக்குள் இருக்கிறது. வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும். உள்ளிருக்கும் தெர்மோகோல் நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். பட்டி அதைத் தலையில் பிடித்து வைக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயன் இல்லை. சாலையோரச் சரக்கில் ஓட்டுக்குள் வெறும் பஞ்சும் துணியும்தான் பெரும்பாலும் இருக்கும். விரலால் துணியை விலக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆங்கிலேயர் டி. ஈ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு நாளில் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதன்பின் இந்த விஷயத்தை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941இல் எழுதினார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. முத்திரை: ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே 'ஐ.எஸ். 4151' என்ற எண்ணும், கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். போலி ஸ்டிக்கர்கள் உண்டு. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் உரிம எண்ணைப் போட்டால் அது யாருடையது என்று தெரியும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தை விற்பதே குற்றம். கடையில் வைத்து விற்க நினைக்கும் வணிகர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

2. அளவு: தையல்காரர் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளக்கவும். 58 செ.மீ. என்றால் 580 என்று போட்ட கவசம். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக்கூடாது. கன்னத்தில் லேசாக அழுத்தினால் சரியான அளவு.

3. பட்டி: மாட்டிய பின் தாடைக்கும் பட்டிக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். பின்பக்கத்தைப் பிடித்து முன்னே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது வேண்டாம்.

4. வடிவம்: தாடையையும் மூடும் முழுமுகக் கவசமே நல்லது. சட்டி போல உச்சந்தலையில் உட்காருவது முகத்தைக் காக்காது. கட்டட வேலைத் தொப்பி மேலிருந்து விழும் பொருளுக்கு. சைக்கிள் கவசம் சைக்கிளுக்கு. இரண்டும் மொபெட்டுக்கு ஆகாது.

5. ஆயுள்: ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. அதை மாற்றிவிட வேண்டும். அடிபடாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது, தெர்மோகோல் கரைந்துவிடும். சோப்பு நீரே போதும்.

தலைக்குக் கீழே

விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுவான். ஆகவே கையுறை அவசியம். ரப்பர் செருப்பைவிட மூடிய ஷூ மேல். வேட்டி, துப்பட்டா, முந்தானை சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்ளவும். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்குக் கடலூர் சாலையில் போகிறவர்கள் வண்டிக்குப் பின்னும் மூட்டைக்குப் பின்னும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது நல்லது. ஹாண்டிலைத் திருப்ப முடியாதபடி முன்னால் மூட்டை வைத்தால் எந்தக் கவசமும் காப்பாற்றாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது விடுமுறையில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள். தடுக்க வேண்டாம், தயார்படுத்தி அனுப்புங்கள். பின்மண்டை வரை இறங்கி மூடும் சைக்கிள் கவசம், முழு விரல் கையுறை, முழங்கால் முழங்கைக் காப்பு, பிடிமானமுள்ள ஷூ இவை வேண்டும். செங்குத்தான இறக்கம் என்றால் தாடை மூடிய கவசம் வேண்டும். அளவும் பட்டியும் பார்க்கும் முறை மேலே சொன்னதுதான்.

கணக்கு பார்ப்போம்

2019 திருத்தச் சட்டப்படி தலைக்கவசம் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமம் இடைநிறுத்தம். பின்னால் உட்காருபவருக்கும் கவசம் கட்டாயம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து வாங்குகிறவர் நம்மைப் போல 500 ரூபாய்க்கு மூன்று வாங்குவார். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றின் விலைக்கு நல்ல முழுமுகக் கவசம் கிடைக்கிறது. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது.

சொந்தத் தலைக்கு வாங்குவதைப் போலவே நம்மிடம் வேலை செய்கிறவர் தலைக்கும் வாங்க வேண்டும். அவரவர் தலை அளவை எடுத்து, ஆளுக்கு ஒன்றாக வாங்கி, பட்டியை மாட்டிய பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். நம் கடையில் இப்போது அதுதான் வழக்கம். கல்லாவில் இருந்து எழுந்து போய்ப் பட்டியில் இரண்டு விரல் விட்டுப் பார்க்காமல் எந்த வண்டியையும் நாம் அனுப்புவதில்லை. இந்த வழக்கம் ஐந்தாறு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும். உங்கள் கடையில் இன்றே வரட்டும்.