கல்லாவுக்கு எதிரே நிற்கப் போகிறவர்களுக்கு

தெருவில் படம் எடுக்கக் கேமராவோடு கிளம்பும் பிள்ளைகளே, மதுரைக் கடைத்தெருக்களில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

1. போணி ஆகும் முன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். முதல் வியாபாரப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்ட பிறகுதான் கடைக்காரர் மனசு இளகும்.

2. எதிர்ச்சாரியில் ஒளிந்து நின்று பெரிய லென்ஸால் எடுப்பது எனக்குப் பிடிக்காது. பார்க்கிறவர் மாநகராட்சி ஆளோ, ஜிஎஸ்டி ஆளோ என்று பயப்படுவார். 35 மி.மீ. லென்ஸோடு பக்கத்தில் போங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/8 வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்தினால் ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக விழும்.

3. ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால்தான் படம் இயல்பாக வரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேமராவைக் கண்டதும் அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார். அந்தப் படத்தையும் மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள். பிறகு அங்கேயே நில்லுங்கள். கால் கிலோ துவரம்பருப்பு கேட்டு ஒரு அம்மா வருவார். கடன் நோட்டோடு ஒரு பையன் வருவான். பொட்டலம் மடித்துச் சணல் சுற்றும்போது அண்ணாச்சி உங்களை மறந்திருப்பார். அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் வேறு வகைப் படம் எடுக்கப் போகலாம்.

4. உச்சி வெயிலில் தெரு கண்ணைக் கூசும், கடைக்குள் இருட்டாக இருக்கும். முகத்துக்கு வெளிச்சம் அளந்து எடுங்கள். தெரு வெளுத்தால் வெளுக்கட்டும். எதிர்ச்சுவரில் பட்ட வெயில் எந்தக் கடைக்குள் எந்நேரம் திரும்பி விழுகிறது என்று பார்த்து வையுங்கள். நீலத் தார்ப்பாய் கட்டிய கடையில் முகமும் நீலம் பாயும். டியூப்லைட் எரிந்தால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால், ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் பட்டை விழலாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

5. அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரே அழியுங்கள். கடன் நோட்டில் உள்ள பெயர்கள் படத்தில் தெரியக் கூடாது.

6. ஆளோடு கடையையும் எடுங்கள். பாரிஸில் யூஜின் அட்ஜே 1890களின் கடைசியில் தொடங்கி, 1927-இல் இறக்கும் காலம்வரை பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் எடுத்துக்கொண்டே இருந்தார். நம் ஊரில் புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடின. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்தப் படத்தை இனி எவராலும் எடுக்க முடியாது. கையால் எழுதிய பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், ஃபிளெக்ஸ் ஏறும் முன் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

7. வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விடாமல், பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். உங்கள் பிரதியின் பின்புறம் தெருவின் பெயரையும் தேதியையும் கடை தொடங்கிய வருடத்தையும் பென்சிலில் எழுதி வையுங்கள். வருடத்தை அவரிடமே கேளுங்கள். அப்பா காலத்துக் கதையெல்லாம் வெளியே வரும். அதைக் கேட்கவும் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.