ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் தென்னாட்டு வீரர்கள்

எமது கல்லூரி மண்டபத்துச் சுவரில் தொங்கும் உதைபந்தாட்டக் குழுவின் பழைய நிழற்படத்தைக் காணாத பழைய மாணவர் இரார். பதினொருவர் நிற்கின்றனர். அடியில் எழுதப்பெற்ற பெயர்களுள் இன்று ஐந்தே வாசிக்கத்தக்கனவாய் உள. நோட்டன் பிரிட்ஜின் மழையும் ஈரமும் ஏனைய ஆறையும் கரைத்துவிட்டன. குழுத் தலைவர் பெயரும், கோல் அடித்தோர் பெயர்களும் எவ்வாறோ பலர் நாவில் நிலைத்திருக்கின்றன. காத்து நின்றோரும் பந்தை எடுத்துக் கொடுத்தோரும் பெயரற்றவராயினர். இந்நிலை எமக்கு மட்டும் நேர்ந்ததா, பெரும் புகழ் பெற்ற கழகங்களுக்கும் நேர்ந்ததா என ஆராயப் புகுந்தபோது எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்கு நாம் எடுத்துக்கொண்டது கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம். 1920 ஆகஸ்ட் 1 ஆந் திகதி தோன்றிய இக்கழகம், 1947 இல் நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தோரின் மானமாகவே விளங்கிற்று. வீடும் நிலமும் இழந்தோர் சனிக்கிழமை மைதானத்திலே தம் ஊரைக் கண்டனர். ஆயின், அவ்வகதிகளுக்கு வெற்றி ஈட்டித் தந்த முன்னணியினர் ஐவருள் ஒருவரேனும் வங்காளியரல்லர் என்பது வியத்தற்குரியது. வலது ஓரத்தில் வெங்கடேஷ், அவரை அடுத்து ஆந்திரத்து அப்பாராவ், நடுவில் தன்ராஜ், இடப்பக்கம் பெங்களூர் அகமது கான், இடது ஓரத்தில் கேரளத்துச் சாலே. அனைவரும் தென்னாட்டார். வங்காள மக்கள் இவர்களுக்கு இட்ட பெயர் பஞ்ச பாண்டவர்.

1949 இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்ட், ரோவர்ஸ் கிண்ணம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் இவர்கள் வசமாயின. ஷீல்டை 1950, 1951 இலும் விடாது பற்றினர். டியூரண்ட் கிண்ணம் 1951 இலும் 1952 இலும் வந்தது.

ஐவருள் அகமது கானின் பெயர் ஓரளவு நிலைத்தது. பந்தைக் காலோடு பிணைத்து எதிரியை மயக்கும் வித்தையால் அவரைப் பாம்பாட்டி என்றழைத்தனர். நாம் குறை காண்பது நடுவில் நின்ற கே. பி. தன்ராஜ் பொருட்டே. ஓரத்து இருவரும் அனுப்பும் பந்தை வலைக்குள் முடிப்பது அவர் கடன். 1948 இலண்டன் ஒலிம்பிக் குழுவில் அவர் இடம்பெற்றார். எனினும் இந்தியாவின் நடு முன்னணி வீரர் யாரெனக் கேட்டால், 1951 டில்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராக ஒரே கோலை அடித்த மேவாலாலையே எவரும் கூறுவர். மேவாலால் அதற்குத் தகுதியுடையவரே. அதில் எமக்கு வழக்கில்லை. ஆயின் ஒரு நாட்டில் ஒரே காலத்தில் இரு பெரு வீரர் வாழ்ந்தால், ஒருவர் மற்றவரின் நிழலில் மறைதல் இயல்பாகிவிடுகின்றது.

இதனினும் தெளிவான சான்று கிட்டு. 1956 டிசம்பர் 1 ஆந் திகதி மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதி புகுந்தது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அம்மூன்றையும் அறியாத இரசிகர் இல்லை. நான்காவதை அடித்தவர் யார்? ஈஸ்ட் பெங்கால் சட்டை அணிந்த கிருஷ்ணசாமி. கிட்டு என்பது செல்லப்பெயர். 3-2 என்று ஆட்டம் ஊசலாடுகையில் பத்து நிமிடமே எஞ்சியிருந்தவேளை அடிக்கப்பெற்ற கோல் அது. மைதானத்தில் நின்று விளையாடியோர் அந்த நான்காவது கோலின் அருமையை நன்குணர்வர். வரலாறு எழுதியோர் அதனை ஓர் எண்ணாகவே வைத்தனர்.

துளசிதாஸ் பலராமனைப் பற்றிச் சற்று விரித்தே கூறல் வேண்டும். செகந்திராபாத் அருகே அம்முகுடா என்னும் சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், வறுமை அறிந்தவர். 1957 இல் ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தார். 1961 இல் அதன் தலைவரானார். சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராமன் என்ற மூவரணி அக்காலத்து ஆசியாவையே அஞ்ச வைத்தது. 1960 உரோமாபுரியில், அந்நாளில் உலகை வியப்பித்த ஹங்கேரிக்கு எதிராக இந்தியா 2-1 எனத் தோற்றபோது அந்த ஒரு கோலை அடித்தவர் பலராமன். 1962 ஜகார்த்தாவில் தங்கம் வென்ற குழுவிலும் அவர் இருந்தார். அடுத்த ஆண்டே நுரையீரல் நோய் அவரை மைதானத்திலிருந்து விலக்கிற்று. அகவை 27 கூட நிரம்பவில்லை. மூவருள் இருவருக்குப் பிற்காலத்திற் பத்மஸ்ரீ விருது கிட்டிற்று. மூன்றாமவருக்கு அது இறுதிவரை வரவில்லை. 2023 பெப்ரவரி 16 இல் அவர் மறைந்தார்.

அதே உரோமாபுரியில் இன்னொரு வேடிக்கை. பெருவுக்கு எதிராக 3-1 எனத் தோற்ற ஆட்டத்தின் இந்தியக் கோலே இன்றுவரை ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல். அதை அடித்தவர் சைமன் சுந்தரராஜ் என்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெருவழக்கு. சில அதிகார பூர்வமான பதிவுகளோ பலராமன் என்கின்றன. முதற் கோல், 1948 இல் பிரான்சுக்கு எதிராக, சாரங்கபாணி இராமன் அடித்தது, அதில் ஐயமில்லை. கடைசிக் கோலுக்கோ இரு உரிமையாளர்! ஆயிரக்கணக்கானோர் கண்முன், பத்திரிகையாளர் சூழ நடந்த ஆட்டத்திலேயே இதுவெனின், எமது சுவரின் கரைந்த பெயர்களுக்கு மழையை மட்டும் நோதல் தகுமோ?

கோல் காப்பாளர் தங்கராஜ் 1965 முதல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். அவருடைய முன்வரலாறு எமது நெஞ்சுக்கு நெருக்கமானது. அவர் வளர்ந்தது மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் குழுவில். அக்குழுவின் இருப்பிடம் வெலிங்டன். நீலகிரியில், குன்னூருக்கு அருகே. தேயிலை, பனி, சரிவு, ஓயாத தூறல் யாவும் எமது ஊரை ஒத்தன. மலைநாட்டுப் படைவீரர் குழு 1955 இலும் 1958 இலும் டியூரண்ட் கிண்ணத்தைக் கைப்பற்றியது சிறு காரியமன்று. தங்கராஜ் தொடக்கத்தில் முன்னணியில் ஆடியவர் என்பதும், பின்னரே வலையைக் காக்கச் சென்றார் என்பதும் மாணவர் கருதத்தக்கன.

நீலகிரி என்றதும் எம் நினைவு நிழற்படத்துக்கே மீள்கின்றது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் கதி 1974 இல் முடிவாயிற்று. மக்களைக் கோல் கணக்குப் போல் பங்கிட்டனர். லயத்திலிருந்து வந்து எம்மோடு படித்தோர், தேயிலைச் சரிவை வெட்டிச் சமன்செய்த மைதானத்தில் ஆடியோர், பந்து கெஹல்கமு ஓயாப் பக்கம் உருண்டால் முதலில் இறங்கி ஓடியோர், பெட்டி கட்டினர். ஹட்டனில் புகையிரதம், தலைமன்னாரில் கப்பல். கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் சென்று, தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தோர் பலர். பெயர் கரைந்த அறுவருள் நால்வரேனும் இவ்வாறு சென்றனர் என நாம் நினைவுகூர்கின்றோம். அவர்களுள் எவரேனும் ஒரு மாலை வெலிங்டன் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்திருக்கவும் கூடும்.

ஒரு விண்ணப்பம். நிழற்படத்தில் இடமிருந்து இரண்டாமவர் கைகட்டி நிற்கின்றார்; நெற்றியில் திருநீறு உண்டு. நான்காமவர் காலிற் பாதணி இல்லை. பின் வரிசையின் கோடியில் நெடியவர், கோல் காப்பாளர். இடக்கை விரலொன்றிற் கட்டுப் போட்டிருக்கின்றார். முன்வரிசையில் அமர்ந்த இருவர் சகோதரர் போலும். எஞ்சியவர் முகம் பந்தின் நிழலில் பாதி மறைந்திருக்கின்றது. இவர்தம் பெயரும் தோட்டமும் அறிந்த பழைய மாணவர், இக்கரையினராயினும் அக்கரையினராயினும், மலர்க்குழுவுக்கு எழுதுவாராக. இம்முறை மை கரையாத தகட்டிற் பொறிக்க ஏற்பாடு செய்துள்ளோம்.