சித்திரைக்கு நேர் கீழே

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. கார்த்திகைக் கொத்தில் வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் தெரிந்தது, டெலஸ்கோப்பில் முப்பத்தெட்டு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. எண்ணிப் பார்க்கத் தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிசு. அடுத்து என்ன பார்க்கலாம் அத்தை என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நீ விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும்.

முன்னிரவில் உங்கள் மொட்டை மாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று வழியாகப் பார்த்தால், ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நட்சத்திரம் நெளியும். நாலு மணிக்குள் தளம் ஆறிவிடும், ஆலங்காயம் சாலைப் புழுதியும் அடங்கிவிடும். தை கடைசி, மாசி தொடக்கம்தான் சரியான காலம். அமாவாசைக்குத்தான் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. வளர்பிறையில் முதல் பத்து நாளும் அந்த நேரத்துக்குள் நிலா மறைந்திருக்கும்.

டெலஸ்கோப்பை அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்துவிடு. கண்ணாடியும் குளிர வேண்டும். உன் கண்ணுக்கும் இருட்டு பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு தரம் செல்போனைப் பார்த்தாலும் அத்தனையும் வீண். டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள். தனியாக மாடி ஏறாதே, அப்பாவை எழுப்பு.

இப்போது வானம். வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்கும். அதன் வாலை அதே வளைவில் நீட்டிக்கொண்டே வந்தால் உச்சிக்குப் பக்கத்தில் மஞ்சளாகச் சுவாதி. இன்னும் நீட்டினால் வெள்ளை வெளேரென்று தனியாக நிற்பது சித்திரை. கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கு. அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சித்திரையிலிருந்து நேர் தெற்கே, கீழ்நோக்கி, மூன்றரை முஷ்டி இறங்கு. அங்கே மங்கலாக, ஓரம் கரைந்த ஒரு புள்ளி இருக்கும். அதுதான் ஒமேகா சென்டாரி.

1603-ல் பேயர் என்ற ஜெர்மானியர் தன் வான வரைபடத்தில் அதை ஒற்றை நட்சத்திரமாக எண்ணித்தான் ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்தார். 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த வானியலாளர் ஹாலிக்குத்தான் அது நட்சத்திரம் இல்லை என்று பட்டது. உண்மையில் அது சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட கோளக் கொத்து. தூரம் ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு. அந்த வெளிச்சம் கிளம்பியபோது உலகத்தில் எங்கேயும் ஏர் பூட்டவில்லை, விதைக்கவில்லை.

நான் முதலில் இதைத் தேடி மூன்று விடிகாலைகளைத் தொலைத்தேன். பெரிசாகக் காட்டினால் நன்றாகத் தெரியும் என்று 10 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையை, போட்டதுதான் தப்பு. உன்னுடைய டெலஸ்கோப்பும் என்னுடையதைப் போலவே 900 மி.மீ. குவியத் தூரம் கொண்டது. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 36 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு. மடங்கு கூடக் கூடப் பார்வை வட்டம் சுருங்கும். தேடுகிற பொருள் அதற்குள் விழாது. எப்போதும் 25-ல் பிடி. நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு 10-க்கு மாற்று.

பிடித்ததும் அவசரப்படாதே. முதலில் முழு நிலா அளவுக்கு ஒரு சாம்பல் திட்டுதான் தெரியும். பலர் அதோடு சரி என்று நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். திட்டை நேராக முறைக்காமல் பார்வையைக் கொஞ்சம் விலக்கி, கடைக்கண்ணால் கவனி. மங்கலான வெளிச்சத்தை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, அதைச் சுற்றித்தான் அடர்ந்திருக்கின்றன. ஐந்து நிமிஷம் போனால் திட்டு ரவை ரவையாக உதிரத் தொடங்கும். ஓரத்தில் ஒன்று மினுக்கும், பிறகு பத்து, பிறகு மேலே முழுக்க உப்பு தூவினாற்போல. அது உன் கண் கற்றுக்கொள்கிற நேரம். வேறு யாரும் உனக்காக அதைச் செய்ய முடியாது.

லண்டனில் இருப்பவர்களுக்கு இது உதிப்பதே கிடையாது. நமக்கு அடிவானத்திலிருந்து 30 டிகிரி ஏறுகிறது. உன் வீட்டுக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அந்த இடத்தை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 12.5 டிகிரி அட்சரேகையில் நின்றால் வடவானமும் கிடைக்கும், தென்வானத்தின் பெரும்பகுதியும் கிடைக்கும். 1968-ல் அங்கே வேலை தொடங்கியது வெறும் 38 செ.மீ. டெலஸ்கோப்பில். 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-ல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். அதற்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்கும் உன் நாலரை அங்குலக் கண்ணாடிக்கும் மேலே விரிந்திருப்பது ஒரே வானம்தான்.

பிறகு தென்கிழக்கே திரும்பு. விருச்சிகம் ஏறிக்கொண்டிருக்கும். சிவந்திருப்பது கேட்டை. அதற்கு மேற்கே ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தள்ளி எம்-4 என்ற கோளக் கொத்து. கேட்டையின் வெளிச்சத்தை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுப் பார். கொத்தின் நடுவே நட்சத்திரங்கள் ஒரு கோடாக வரிசை கட்டியிருக்கும். 1783-லேயே வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

தேளின் கொடுக்கு, அதாவது மூலம், மலை முகட்டைத் தாண்டி வர ஐந்து மணி ஆகும். அதற்குக் கொஞ்சம் கிழக்கே எம்-7. பழங்கால வானியலாளர் தாலமி 2-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்தார். இது கோளக் கொத்து இல்லை. கார்த்திகை மாதிரித் தளர்ந்து பரந்த கொத்து, எண்பது நட்சத்திரம் போல. கிட்டத்தட்ட ஆயிரம் ஒளியாண்டு தூரம், சோழர் கால வெளிச்சம். இதற்கு 36 மடங்கே போதும். 90-க்குப் போனால் கொத்து வட்டத்தை விட்டு வழிந்துவிடும்.

ஐந்தரைக்கு வானம் வெளுக்கும். அதற்குமேல் தேடாதே. மூடியைப் போட்டு, குழாயை வடக்கே திருப்பிவிட்டு இறங்கு. சூரியன் பக்கம் டெலஸ்கோப்பை ஒருபோதும் திருப்பக் கூடாது, ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும்.

ஒரு நோட்டில் தேதி, மணி, ஐபீஸ் எழுதி, பென்சிலால் படம் போடு. உன் டெலஸ்கோப் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். தெரிந்தபடியே வரை, திருத்தாதே. எம்-4-ன் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எனக்கு அனுப்பு. திருப்பத்தூர் வெளிச்சத்தில் எனக்குத் தெரிகிறவரை நானும் வரைந்து வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை