நம்பிக்கைகளும் உண்மைகளும்: தெருப்பூனைகள்

நம்பிக்கை: சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டால் தொல்லை தீரும்.

தீராது. ஓட்டல் பின்வாசலில் கொட்டும் மீன் குடலும் குப்பைமேட்டு எலியும் அப்படியே இருக்க, பூனையை மட்டும் அகற்றினால் பக்கத்துத் தெருப் பூனை அங்கே குடிவந்துவிடும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் காட்டில் திரியும் பூனைகளைச் சில இடங்களில் அவ்வப்போது பிடித்துக் கொன்று பார்த்தார்கள். அந்த இடங்களில் பூனை நடமாட்டம் குறைவதற்குப் பதில் கூடியது என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தாயை மட்டும் தூக்கிப்போனால், எங்கோ மாடிப்படிக்கு அடியில் கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் சாகும். பசியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நம்பிக்கை: ஒரு ஈற்றாவது போட்டால்தான் பெண் பூனைக்கு நல்லது.

இதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. சீக்கிரமே கருத்தடை செய்த பூனைக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புதான் வெகுவாகக் குறைகிறது. கருத்தடை செய்யாத பூனையோ நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும், பால் கொடுத்துக்கொண்டே மறுபடி சினையாகும். அந்த உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

நம்பிக்கை: ஆபரேஷன் செய்து தெருவிலேயே விடுவது கொடுமை.

கூண்டுக்குள் கருவாடு வைத்துப் பிடிப்பார்கள். மேலே ஒரு பழைய துணியைப் போர்த்தியதும், அதுவரை கம்பியில் முட்டி மோதிய பூனை மெல்ல அடங்கும். மயக்கமருந்து கொடுத்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசியும் போடுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் அது. அந்தப் பூனையை இன்னொருமுறை பிடித்து அலைக்கழிக்க வேண்டாம். தேறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ஏனென்றால் இரை கிடைக்கும் மூலையும் ஒளிந்துகொள்ளும் சந்தும் அதற்கு அங்கேதான் தெரியும். கடுவன்களின் ராத்திரிச் சண்டையும் மூத்திர நெடியும் பிறகு குறையும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் பூனைக்கும் இடம் உண்டு.

நம்பிக்கை: ஆபரேஷன் நடந்தால் போதும், எண்ணிக்கை தானாகக் குறையும்.

பூனைமேல் பிரியமுள்ள நம்மிடமே இருக்கும் நம்பிக்கை இது. ரோம் நகரத்தைப் பாருங்கள். தெருப்பூனைகளைக் கொல்லக் கூடாது என்று இத்தாலி 1991-ல் சட்டம் போட்டது. அடுத்த பத்தாண்டில் ரோமில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். பிறகு 103 பூனைக் கூட்டங்களைக் கணக்கெடுத்தபோது 55-ல் எண்ணிக்கை இறங்கியிருந்தது, 20-ல் மாற்றமில்லை, 28-ல் ஏறியிருந்தது. அந்த 28 கூட்டங்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அத்தனை உழைப்பையும் கரைத்தவை புதிதாக வந்து சேர்ந்த பூனைகள். அவற்றில் பல, வீட்டில் வளர்த்துத் தெருவில் விடப்பட்டவை.

ஆகவே தெருவுக்கு இரண்டு என்று ஊரெல்லாம் பிடிப்பதைவிட, ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அங்குள்ள அத்தனை பூனைக்கும் முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவது பலன் தரும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அதற்கு ஐந்து மாதம் ஆவதற்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.