தீபாவளிக் கதருக்கு மாசியிலேயே பணம் வேண்டும்

அக்டோபர் 2 வந்தால் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரே காட்சிதான். காந்தி படத்துக்கு மாலை போட்டு, கலெக்டர் குத்துவிளக்கு ஏற்றி, கதர் தீபாவளி சிறப்பு விற்பனையைத் தொடங்கி வைப்பார். பருத்திக் கதருக்கு 30 சதவீதம் தள்ளுபடி, அரசு ஊழியர்களுக்குத் தவணை வசதி. சில ஊர்களில் வாசலில் இரண்டு அம்மாக்கள் ராட்டை சுற்றிக் காட்டுவார்கள். சர்வோதய சங்கங்களும் கதர் கடைகளும் வருஷம் பூரா எதிர்பார்த்துக் கிடப்பது இந்த ஒரு மாச விற்பனையைத்தான்.

நம் உழவர் கூட்டங்களில், "ரசாயனம் போடாம பருத்தி விளைவிக்கிறோம், அதை நாமே நூற்று நெய்து விற்றால் என்னங்க?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நல்ல கேள்வி. ராட்டை எங்கே கிடைக்கும், யார் கற்றுக் கொடுப்பார்கள் என்று பேச்சு உடனே அந்தப் பக்கம் போய்விடும். கடன் மனுக்களைப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு முதலில் கண்ணில் படுவது வேறு. பணம் எந்த மாசம் வெளியே போகிறது, எந்த மாசம் திரும்பி வருகிறது?

கோவில்பட்டி கரிசலில் மானாவாரிக் கருங்கண்ணியை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்தால் மாசி, பங்குனியில் பருத்தி எடுக்கலாம். கொட்டை நீக்கி, பஞ்சைக் கொட்டி, பட்டை போட்டு, ஆனி வரை நூற்க வேண்டும். நெசவு ஆடி, ஆவணியில் முடிந்தாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் காயவைக்க முடியாது, குழித்தறியில் தண்ணீர் ஊறும். துணி கடைக்கு வருவது புரட்டாசியில், காசு கைக்கு வருவது ஐப்பசியில். அதாவது மாசியில் போட்ட பணம் எட்டு மாசம் தூங்குகிறது. ஆனால் நூற்கிற பெண்ணுக்கு வாராவாரம் கூலி தரணும். அவர் தீபாவளி வரை காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

இப்போது ஒரு சட்டையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூல் 34 நம்பர் மெட்ரிக் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நூலில் 34 சிட்டம், ஒரு சிட்டம் 1,000 மீட்டர். அரைக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் துணி, எடை சுமார் 270 கிராம். ஆக 9 சிட்டம், 9 கிலோமீட்டர் நூல்! சேதாரம் சேர்த்து 300 கிராம் பஞ்சு வேண்டும். பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை (அது மாட்டுக்கு ஆகும்). எனவே ஒரு சட்டைக்கு 900 கிராம் பருத்தி. 2025-26-ல் நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். அந்தச் சட்டையில் உழவரின் பங்கு 70 ரூபாய்கூட வரவில்லை. நாட்டுப் பருத்திக்கு இரட்டிப்பு விலை கொடுத்தாலும் சட்டை விலை 70 ரூபாய்தான் கூடும். "ஆர்கானிக்னா விலை ஜாஸ்தி" என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நூற்பவர் பங்கு என்ன? கதர் ஆணையம் 2025 ஏப்ரல் முதல் சிட்டத்துக்கு 15 ரூபாய் என்று கூலி வைத்திருக்கிறது. 9 சிட்டத்துக்கு 135 ரூபாய். ஒற்றைக் கதிர் ராட்டையில் நல்ல கை மணிக்கு 400 கஜம் நூற்றால், 9 கிலோமீட்டருக்கு 25 மணி நேரம் ஆகும். மணிக்கு ஐந்தரை ரூபாய். இதை வேலை என்று சொல்லி ஒரு பெண்ணைக் கூப்பிட எனக்கு வாய் வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி வேன் நம்ம ஊர் வாசலிலேயே வந்து நிற்கிறது.

காந்தி இதை அறியாதவர் இல்லை. 1925-ல் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கியபோது உறுப்பினர் சந்தாவே நூல்தான், மாசம் 1,000 கஜம். 1929-ல் மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். 8 மணி நேரத்தில் குறிப்பிட்ட அளவு நூல் நூற்க வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. பரிசை யாரும் வாங்கவில்லை. பிறகு பல கதிர் ஓடும் அம்பர் ராட்டையை உருவாக்கியவர் நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். இன்று 8 கதிர் ராட்டையில் பழகிய கை ஒரு நாளில் 20 சிட்டம் வரை எடுக்கும், 300 ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26-க்கு 336 ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1935-லேயே, நூற்பவரின் 8 மணி உழைப்புக்குச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் போதுமான கூலி தர வேண்டும் என்று அந்தச் சங்கம் தீர்மானம் போட்டது. துணி விலை ஏறும் என்று தெரிந்தேதான் போட்டார்கள்.

காத்திருக்கும் பணத்துக்கு வருவோம். கதர் நிறுவனங்கள் வங்கியில் வாங்கும் நடைமுறை மூலதனக் கடனுக்கு 1977 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. அவர்கள் 4 சதவீத வட்டி கட்டினால் போதும், மிச்சத்தை ஆணையம் ஏற்கும். பத்துப் பெண்கள், ஆளுக்கு 15 சிட்டம், நான்கு மாசத்தில் 80 நாள் என்றால் கூலி 1,80,000. பருத்திக்குச் சுமார் 90,000. இந்த 2,70,000-க்கு ஆறு மாச வட்டி 4 சதவீதத்தில் 5,400, 12 சதவீதத்தில் 16,200. தள்ளுபடியும் முன்பெல்லாம் விற்ற பிறகுதான் கணக்காகும். அதனால் எல்லா விற்பனையும் பண்டிகையில் வந்து குவிந்தது. 2010-ல் மத்திய அரசு அதை மாற்றி, உற்பத்தி மதிப்பில் 20 சதவீதம் உதவி என்று கொண்டுவந்தது. அதில் கால் பங்கு நூற்பவர், நெசவாளருக்கு. என் பார்வையில் இது சரியான திருத்தம்.

ஆனால் நமக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஆணையம் சங்கங்களுக்குக் கொடுக்கும் பஞ்சுப் பட்டை சித்ரதுர்கா போன்ற பெரிய ஆலைகளிலிருந்து வருகிறது. அங்கே எல்லாப் பஞ்சும் ஒன்றாகக் கலக்கும். நம் கருங்கண்ணி அதில் போனால் அது நம் பருத்தி என்று சொல்ல வழியே கிடையாது. தனியாகப் பட்டை போட்டால்தான் அடையாளம் நிற்கும். சென்னையிலிருந்து இயங்கும் 'துலா' நாட்டுப் பருத்தி, கைநூல், கைநெசவு, இயற்கைச் சாயம் என்று தனிச் சங்கிலியாகச் செய்வது இதனால்தான். இன்னொன்று: 2013 விதிகளின்படி 'கதர்' என்ற பெயரில் விற்கக் கதர் முத்திரை வேண்டும். அது இல்லாமல் நாமாக நூற்றால் 'கைநூல் துணி' என்றே சொல்லி விற்கணும்.

பொன்னேரி நெல் பூமி, இங்கே எதற்கு நூல் பேச்சு என்று கேட்பீர்கள். பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது துணிக்காகத்தான். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்கிறார்கள், அது பழவேற்காட்டின் பெயர். அந்த வியாபாரத்தில் கப்பல் வருவதற்குப் பல மாசம் முன்பே வணிகர் மூலம் நெசவாளருக்கு முன்பணம் போய்ச் சேரும். காத்திருக்கும் செலவு வாங்குபவன் தலையில் இருந்தது. (தரம், விலை எல்லாவற்றிலும் அவன் பிடியும் இருந்தது, அதையும் மறக்க வேண்டாம்.)

அதே முறையை நாம் நம் பிடியில் வைத்துச் செய்யலாம். நம் பக்கம் சம்பா அறுத்துக் கையில் நாலு காசு புழங்குவது தை, மாசியில். நூறு குடும்பம், ஆளுக்கு ஐந்து மீட்டர், அதாவது இரண்டு சட்டைத் துணி. மொத்தம் 1,800 சிட்டம். மூன்று பெண்கள் நாளுக்கு 15 சிட்டம் வீதம் 40 நாளில் முடிப்பார்கள், கூலி 27,000. 180 கிலோ பருத்தியைக் கரிசல்காட்டு நண்பர்களிடம் கிலோ 100 ரூபாய்க்கு வாங்கினால் 18,000. குடும்பத்துக்கு 500 ரூபாய் தை மாசமே வாங்கினால் 50,000 வரும். கொட்டை நீக்க, பட்டை போட 5,000 மிஞ்சுகிறது. அது பற்றுமா என்று பட்டை போடுபவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நெசவுக்கான இரண்டாம் தவணை ஆடியில். நம் மாவட்டத்திலேயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவுக்குப் பேர்போன ஊர்கள். விசைத்தறிக்காரரிடம் கொடுக்க வேண்டாம், கைநூல் அந்த வேகத்தில் அறுந்துபோகும். கைத்தறி போடும் பெரியவர்களைத் தேடிப் பிடித்து, வைகாசியிலேயே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டைத் துணியே எடுத்தவுடன் பெரிது என்று தோன்றுபவர்கள், வீட்டு வேலியோரம் நாலு நாட்டுப் பருத்திச் செடி வைத்து கார்த்திகை விளக்குக்குத் திரி உருட்டுங்கள். அதற்கு ராட்டையும் வேண்டாம், கடனும் வேண்டாம்.